வந்துட்டா

எங்க காளவாசத் தெருவுக்குத் தண்ணி வந்த அன்னைக்கு அது ஒரு வீட்டுக்குள்ளயும் வரல. குழாய் பதிச்ச பள்ளத்துல இருந்து மண்ணத் தள்ளிக்கிட்டு எந்திரிச்சு, நகராட்சி போட்டுட்டுப் போன பாதாளச் சாக்கடை மூடி மேல ஏறி, கால்ல ஒட்டுன மண்ணத் தொடைக்கிற மாதிரி அங்கன கொஞ்ச நேரம் நின்னுட்டு, பொறவு வீட்டுக்கு ஒரு ஆளாப் பிரிஞ்சு, ஒவ்வொரு வாசல்லயும் போயி நிமிந்து நின்னுச்சு. விடிஞ்சு கோலம் போட வந்த பொம்பளைங்க அதப் பாத்தாவ, பாத்துட்டு, வாசல்ல காத்துட்டு நிக்கவங்க கால மிதிச்சுராம ஒதுங்கிப் போடுத மாதிரி அதச் சுத்திப் புள்ளிய வச்சு, கோட்ட இழுத்து முடிச்சுட்டு, உள்ள போயி அடுப்பப் பத்த வச்சாவ.

யாரும் கத்தல, யாரும் கும்பிடல. கத்துததுக்கு என்ன இருக்கு? எங்க தெருவ நகராட்சியோட சேத்து எத்தனையோ வருஷமாச்சு, வீட்டு வரிய ஏத்தியாச்சு, குழாயப் பதிச்சாச்சு, நடுத்தெருவுல மூடி மூடியாப் போட்டாச்சு, ஆனா இத்தன காலமும் ஒரு சொட்டுத் தண்ணி வரலியே, அதுல்லா அதிசயம்! வந்த தண்ணி வாசல்ல நின்னா அதுல என்ன அதிசயம் இருக்கு? டிவிக்காரங்க மட்டும் வந்தாவ, தண்ணிக்கு முன்னால மைக்க நீட்டுனாவ, அது ஒண்ணும் பேசல, பக்கத்து ஊர்ல ஒரு நடிகர் கடை தெறக்க வாராருன்னு கேள்விப்பட்டு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாவ.

ஆள் ஒசரம் இருக்கும். பாத்திரம் இல்ல, கரை இல்ல, சும்மா நிக்கும். காலை வெயில் அது வழியா வீட்டுக்குள்ள விழும்போது சுவரெல்லாம் வெளிச்சம் நெளியும், எங்க தெருவுப் பிள்ளைங்க அந்த நெளியுற வெளிச்சத்துல உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுச்சு. வெளிய போகணும்னா "கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க"ன்னு சொன்னாப் போதும், ஒதுங்கும். உள்ள வாங்கன்னு சொன்னா மட்டும் வராது. எல்லா வீட்டுலயும் நேரா நின்ன தண்ணி எங்க வீட்டு வாசல்ல மட்டும் இடது பக்கமாக் கொஞ்சம் சாஞ்சு நின்னுச்சு, இடுப்புல கொடம் வச்சவ நிக்க மாதிரி. அதப் பாத்த அன்னைக்குத்தான் எங்கம்மா ஒரு வருஷத்துக்கப்புறம் வாயத் தொறந்தா. "ஏட்டி, எம்புட்டு நேரமா நிக்கே?"ன்னு கேட்டா. என்னையக் கேக்கல.

எங்க அக்கா பேர இப்பச் சொல்ல மாட்டேன். சொல்லுத எடம் வரும்.

எங்க தெருவுக்குத் தண்ணி வேணும்னா நாலுவழிச்சாலையத் தாண்டி அந்தப் பக்கம் இருக்க ரைஸ்மில் போர்வெல்லுக்குப் போகணும். வண்டி நிக்காது. கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு, இந்தப் பக்கம் பாத்து ஓடி, நடுவுல அரளிச் செடிக்குள்ள நின்னு, அந்தப் பக்கம் பாத்து ஓடணும். அப்டி ஓடித்தான் எங்க தெருவுப் பொம்பளைங்க எல்லாரும் வாழ்ந்தாவ, அப்டி ஓடித்தான் எங்கக்கா செத்தா. கண்டெய்னர் லாரி. அவ விழுந்த எடத்துல இருந்து ரொம்பத் தள்ளி, அரளிச் செடிக்குள்ள, அவ பச்சைக் கொடம் நேரா உக்காந்திருந்துச்சு, ஒரு சொட்டுச் சிந்தல. எங்கம்மா அந்தக் கொடத்த அப்டியே தூக்கிட்டு வந்து, அடுக்களை மூலையில வச்சு, ஒரு தட்டப் போட்டு மூடினா. அந்தத் தண்ணிய யாரும் தொடக் கூடாது.

அன்னைக்கு நகராட்சில இருந்து ஒரு ஆளு மாலையோட வந்தான். வெயில்ல வந்தவன், பாவம், "ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா"ன்னு கேட்டுட்டான். எங்க ஊர்ல யாரு வந்தாலும், வட்டிக்காரன் வந்தாலும், போலீஸ்காரன் வந்தாலும், மொதல்ல ஒரு சொம்பு தண்ணி, அப்புறந்தான் பேச்சு. எங்கம்மா எந்திரிச்சு நின்னு, மாலையப் பாத்தா, அவனப் பாத்தா, தெருவே கேக்கச் சொன்னா: "இந்தத் தெருவுக்குத் தண்ணி வார வரைக்கும் இந்தத் தெருவுக்கு வாரவங்க யாருக்கும் தண்ணி கெடையாது." அதுதான் அவ கடைசியாப் பேசுனது. தெருவே அத எடுத்துக்கிட்டு. நல்ல நாள் கெட்ட நாள் எதுக்கும், சொந்தக்காரங்க பாட்டில்ல தண்ணி கொண்டாந்து, வெளியவே குடிச்சுட்டு, உள்ள வந்தாவ. பொண்ணு பாக்க வந்தவங்க வாசலோட திரும்பிப் போனாவ. வெக்கமாத்தான் இருந்துச்சு, துணி இல்லாமத் தெருவுல நிக்க மாதிரி. ஆனா யாரும் அந்தச் சொல்ல மீறல.

அந்த வாரமே நகராட்சிக் கூட்டத்துக்குப் போனோம். புதுசா வந்த கமிஷனர் தயாபரன் மைக்கப் பிடிச்சு, "அந்தச் சம்பவத்துக்கு வருந்துறோம்"னு ஆரம்பிச்சு, தண்ணி இணைப்புக்கு ஒரு கட்டணம், சாக்கடை இணைப்புக்கு ஒரு கட்டணம், ரோட்டத் தோண்டுததுக்கு ஒரு கட்டணம், தோண்டுனத மூடுததுக்கு ஒரு கட்டணம்னு முடிச்சாரு. மொதல்ல கட்டுங்க, அப்புறம் தண்ணின்னாரு. மொதல்ல தண்ணி வரட்டும், அப்புறம் கட்டுதோம்னோம். சரி, வந்தா கட்டுவீங்களான்னாரு. வந்தா கட்டுதோம்னு தெருவே சேந்து சொல்லிட்டு. நான் சட்டக் கல்லூரில படிக்கவ, எம் மடத்தனம், 'வந்தா'ன்னா என்னன்னு அப்பவே கேட்டுருக்கணும்.

சரி, இப்ப வாசல்ல நிக்க தண்ணிக்கு வருவோம். மொத நாளே கொடத்தக் கொண்டு போயி முக்கிப் பாத்தாவ. கொடம் காஞ்சு வெளிய வந்துச்சு. கைய விட்டுப் பாத்தாவ, குளுந்துச்சு, ஆனா கை நனையல. ஸ்டெல்லா மயினி, எதிர்வீட்டுத் தையல்காரி, தன் கைய இப்டியும் அப்டியும் திருப்பிப் பாத்துட்டு, "அடேங்கப்பா, சம்பந்தம் பேச வந்துட்டு, பேச்சு முடியாம நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்கு!"ன்னு சொன்னாவ. எல்லாருக்கும் சிரிப்பு. ஆனா டீக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி மட்டும் அதப் பிடிச்சுக்கிட்டு, சீர் கேக்குது போலன்னு யோசிச்சு, யாருக்கும் தெரியாமப் போயி நகராட்சில முழுக் கட்டணத்தையும் கட்டிட்டு வந்துட்டாரு. வந்து வாசல்ல நின்னு ரசீத விரிச்சுத் தண்ணிக்கு வாசிச்சுக் காட்டுனாரு. அது அசையல.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்க, காது கேக்கல போல"ன்னாவ ஸ்டெல்லா மயினி.

"ஒனக்கென்ன மயினி, நக்கல். அத்தனையும் எம் மவ நகைய அடகு வச்ச காசு"ன்னு அவரு அங்கேயே குத்த வச்சுட்டாரு.

அன்னைக்குத்தான் நான் தெருவக் கூட்டிச் சொன்னேன்: இனிமே யாரும் தண்ணி 'வந்துட்டு'ன்னு சொல்லக் கூடாது. வாயில அந்தச் சொல்லே வரக் கூடாது. வந்துட்டுன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாலும் போச்சு, உள்ள வராத தண்ணிக்குத் தெருவே கட்டணும். "பொறவு எப்டிட்டி சொல்ல?"ன்னு கேட்டாவ. நிக்குன்னு சொல்லுங்கன்னேன். அதுலருந்து எங்க தெருவுல தண்ணி நிக்கும். தண்ணி நிக்கு, வெயில் அடிக்கு, பஸ்ஸு போகுது. பழகிட்டு. பஸ்ஸு வந்தாக்கூட "பஸ்ஸு நிக்கு"ன்னு சொல்லுத அளவுக்குப் பழகிட்டு. நகராட்சில இருந்து ஒரு ஆளு வந்து பொது வழிய ஆக்கிரமிச்சு நிக்கதா ஒரு நோட்டீஸக் கொண்டாந்து தண்ணி மேலயே ஒட்டிட்டுப் போனான். ஒட்டுச்சு. மத்தியானத்துக்குள்ள எழுத்தெல்லாம் கரைஞ்சு, வெறுந்தாளு மட்டும் அதுக்குள்ள மீனு மாதிரி சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு.

எங்கம்மா மட்டும் எதுலயும் சேரல. அவ வாசப்படில, அந்தச் சாஞ்சு நிக்க தண்ணிக்குப் பக்கத்துல உக்காந்து அவரைக்காய் உரிப்பா, கீரை ஆய்வா, தலைய ஆத்துவா, பேசிக்கிட்டே இருப்பா. பக்கத்து வீட்டுல என்ன கொழம்பு, எனக்கு எந்தப் பாடத்துல எம்புட்டு மார்க்கு, லாரிக்காரன் கேசு எந்தக் கோர்ட்டுல கெடக்கு, எல்லாம் அதுட்டச் சொல்லுவா. எனக்குக் கோவம் கோவமா வரும். "எம்மா, அது தண்ணிம்மா"ன்னு ஒருநாள் கத்திட்டேன். "நான் என்ன பாலுன்னா சொன்னேன்?"னு கேட்டுட்டுத் திரும்பி உக்காந்துட்டா.

அப்புறம் கமிஷனர் சொல்லி அனுப்பினாரு: இந்த மாசத்துக்குள்ள கட்டலேன்னா குழாயத் தோண்டி எடுத்து, அடுத்த வார்டுல புதுசாப் போட்டிருக்க பிளாட்டுக்குக் குடுத்துருவாங்களாம். குழாய எடுத்தா வாசல்ல நிக்கதும் போயிரும். மத்த வீட்டுக்காரங்களுக்குத் தண்ணி போகும், கொடத்தோட நாலுவழிச்சாலையில ஓடுதது ஓயாது. எங்கம்மாவுக்கு அது தண்ணி இல்ல. அவ மகள ஒருதடவ அந்த ரோட்டுல இருந்து தூக்கிட்டு வந்துட்டா, இன்னொரு தடவ அவளால முடியாது. சொன்னா நம்புங்க, எனக்குக் கட்டணம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், அந்தப் பயந்தான் ராவும் பகலும் நெஞ்சுல நின்னுச்சு.

தோண்டுத வண்டியோடதான் கமிஷனர் வந்தாரு. உச்சி வெயில். நடுத்தெருவுல சாக்கடை மூடி மேல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு உக்காந்தாரு, மூடி சூட்டுல நாற்காலிக் காலு இளகிட்டு வந்துச்சு. கொண்டாந்த பாட்டில் தண்ணி முக்குலயே தீந்துட்டு. தெருவே சுத்தி நின்னோம், வாசலுக்கு வாசல் தண்ணியும் நின்னுச்சு.

"போன வருஷம் என்ன சொன்னீங்க? தண்ணி வரட்டும், கட்டுறோம்னு சொன்னீங்களா இல்லையா? இந்தா வந்திருச்சு. இதப் பாக்கக் கண்ணாடிகூடத் தேவையில்ல."

"சார், நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வாரேன், கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுத் திரும்பிட்டேன்னா, அந்தப் பிள்ள வீட்டுக்கு வந்துச்சுன்னு சொல்லுவீங்களா?"ன்னு நான் கேட்டேன்.

"வந்தது வந்ததுதானம்மா. உள்ள கூப்பிடாதது எங்க தப்பா இருக்கலாம்."

"அப்டின்னா இங்க யாரு தப்பு?"

அவரு நெத்தியத் தொடைச்சாரு. ஸ்டெல்லா மயினி, "விடுட்டி, அந்தக் கணக்குப்படி சாரும் எங்க தெருவுக்கு வந்தது வந்ததுதான், என்ன பிரயோஜனம்?"னு சொன்னாவ. சிரிப்பு அடங்குத வரைக்கும் அவரு கைக்குட்டைய மடிச்சுக்கிட்டே இருந்தாரு.

"சரி, தண்ணிய விடுங்க. சாக்கடைக் கட்டணமாவது கட்டலாம்ல? வர்ற தண்ணி வெளிய போகணும். அதுக்கு நாங்க பூமிக்கு அடியில எவ்வளவு வேலை செஞ்சிருக்கோம்!"

"உள்ளயே வராத தண்ணி வெளிய போறதுக்கு வழியா?"ன்னேன். "பொறக்காத பிள்ளைக்கு டி.சி. குடுக்குத மாதிரில்லா இருக்கு. நான் கேக்கேன் சார், உங்க குழாய் வாசல் வரைக்கும் வந்துட்டு. உங்க சாக்கடை வாசல் வரைக்கும் வந்துட்டு. உங்க வரி மட்டும் எப்டி சார் நேரா அடுக்களை வரைக்கும் வருது?"

"நீ படிச்ச பொண்ணு. இப்படிப் பேசக்கூடாது."

"படிச்சதுனாலதான் சார் இப்டிப் பேசுதேன். இல்லேன்னா கல்லத் தூக்கியிருப்பேன்."

"ஏ வக்கீலு, மெல்ல"ன்னு ஆவுடையப்பன் அண்ணாச்சி என் முழங்கையப் பிடிச்சாரு. நான் உதறினேன்.

கமிஷனர் எந்திரிச்சாரு. மோசமான ஆளுன்னு சொல்ல மாட்டேன், நாக்கு வறண்டு போன ஆளு, மேல இருந்து போனு வந்துக்கிட்டே இருந்த ஆளு. "இங்க பாருங்க, வாதம் வேண்டாம். வீடு வீடா வந்து ஒரே கேள்வி கேக்குறேன். வந்திருச்சுன்னு சொல்றவங்க கட்டட்டும், வாசல்ல இருக்கட்டும். இல்லன்னு சொல்ற வீட்டுக் குழாய இன்னைக்கே எடுக்கப்போறேன். அந்தச் சம்பவத்த வச்சே எத்தன நாள்தான் இழுப்பீங்க?"ன்னு சொல்லிட்டு நடந்தாரு. எங்களோட நல்லாப் பழகணும்னு நெனைச்சாரோ என்னமோ, எங்க பேச்சுலயே கேட்டாரு. ஆவுடையப்பன் அண்ணாச்சி வாசல்ல போயி, "தண்ணி வந்துட்டா?"ன்னாரு.

கட்டணமே கட்டிட்ட மனுஷன், மக நகையெல்லாம் அடகுல போட்டுட்ட மனுஷன், தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நிக்கு சார்"னாரு.

ஸ்டெல்லா மயினி வாசல்ல, "தண்ணி வந்துட்டா?" "நிக்கு சார்." அடுத்த வாசல்ல, "வந்துட்டா?" "நிக்கு." தோண்டுத வண்டி ஒவ்வொரு வாசலாப் பின்னாலயே உறுமிக்கிட்டு வந்துச்சு, ஒருத்தர் வாயிலயும் அந்தச் சொல்லு வரல, எனக்குப் பெருமைல கண்ணு கலங்கிட்டு. எங்க வாசலுக்கு வரும்போது அவருக்குக் குரலே எழும்பல. சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னு, எங்கம்மாவப் பாத்து, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா?"ன்னு கேட்டாரு.

போன வருஷம் மாலையோட வந்தவன் கேட்ட அதே கேள்வி, அதே எடம்.

எங்கம்மா மடியில கெடந்த அவரைத் தோல ஒதறிட்டு எந்திரிச்சு உள்ள போனா. அடுக்களை மூலையில தட்டு விலகுத சத்தம் கேட்டுச்சு. "எம்மா! இவருக்கா? அந்தக் கொடத்துல இருந்தா? வேண்டாம்மா!"ன்னு நான் போட்ட சத்தத்துல தோண்டுத வண்டிக்காரன் எஞ்சினயே நிப்பாட்டிட்டான். அவ காதுல வாங்கல. பித்தளைச் சொம்பு தளும்பத் தளும்ப எடுத்துட்டு வந்தா, கமிஷனர் கைய நீட்டுனாரு, அவரத் தாண்டி நடந்தா, சாஞ்சு நின்ன தண்ணிக்கு முன்னால போயி நின்னா, சொம்ப ரெண்டு கையாலயும் ஏந்தி நீட்டுனா.

"வந்தவளுக்கு ஒருவாய்த் தண்ணி குடுக்காம இத்தன நாளு நிக்க வச்சுட்டனேட்டி," அப்டின்னா. "ஓடி ஓடிச் சொமந்தியே. எல்லாத்துக்கும் சொமந்தியே. இந்தா, ஒம் பங்கு. குடி."

தண்ணி குனிஞ்சுச்சு. குடிச்சுச்சு. சொம்பு காலியாச்சு. இடது பக்கமாச் சாஞ்சிருந்தது, பாரத்த எறக்கி வச்ச மாதிரி, நேரா நிமிந்துச்சு. அப்புறம் வாசப்படியத் தாண்டி உள்ள வந்துச்சு.

அதுக்குப் பொறவு மத்த வீட்டுலயும் அவங்கவங்க வாசல் தண்ணிக்குக் குடுக்க ஆளுக்கொரு சொம்ப எடுத்துட்டு எங்க வீட்டுக் கொடத்துக்கு வந்ததும், அண்டா குண்டாவெல்லாம் நெறஞ்சதும், ஆவுடையப்பன் அண்ணாச்சி ஈரத் தலையோட தெருவுல ஆடுனதும் வேற கதை, அத ஸ்டெல்லா மயினிட்டக் கேளுங்க, இன்னும் நல்லாச் சொல்லுவாவ. கட்டணத்த யாரு கட்டணும்ங்கிற பேச்சும் இன்னும் முடியல, நகராட்சில பேசுததே நாந்தான், முடிக்கவும் விடமாட்டேன். நான் சொல்ல வந்தது நடுவுல நடந்தது.

தண்ணி உள்ள வந்து, கூடத்தத் தாண்டி, எங்கக்கா எப்பவும் கொடத்த எறக்கி வச்சுட்டு இடுப்பப் பிடிச்சுக்கிட்டு உக்காருத எடத்துல போயி உக்காந்துச்சு. வெளிய போற எண்ணமே அதுக்கு இருந்த மாதிரித் தெரியல. கமிஷனர் வாசப்படில ஒரு கால வச்சுக்கிட்டு எட்டிப் பாத்தாரு. தரையெல்லாம் ஈரம். அவரோட கேள்வி பாக்கி இருந்துச்சு, பழக்கத்துல கேட்டுட்டாரு.

"தண்ணி வந்துட்டா?"

எங்கம்மா காலிச் சொம்ப நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, உள்ள பாத்தபடியே சொன்னா.

"வந்துட்டா."

கமிஷனர் முகத்துல ஒரு வெளிச்சம். "கேட்டீங்களா எல்லாரும்? வந்துட்டுன்னு சொல்லிட்டாங்க!"

"இல்ல சார்," நான் அவரு முன்னால போயி நின்னேன். எங் குரலு எனக்கே கேக்கல, அம்புட்டு மெதுவா வந்துச்சு. "காது குடுத்துக் கேளுங்க. எங்கம்மா வந்துட்டுன்னு சொல்லல. வந்துட்டான்னு சொன்னா."

அவருக்கு வெளங்கல. வெளியூருக்காரரு. எங்க பேச்சுல 'அது வந்துட்டா?'ங்கிற கேள்வியும் 'அவ வந்துட்டா'ங்கிற பதிலும் ஒரே மாதிரி இருக்கும். தெருவப் பாத்தாரு, தெரு அவரையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. உள்ள பாத்தாரு, சுவருல நெளியுற வெளிச்சத்துக்கு நடுவுல மாட்டியிருந்த எங்கக்கா போட்டாவப் பாத்தாரு, அதுக்குக் கீழ உக்காந்திருந்த தண்ணியப் பாத்தாரு. அப்புறம் செருப்பக் கழட்டுனாரு.

எங்ககிட்ட வீட்டு வரி ரசீது கேட்டிருக்காவ, ஆதார் கேட்டிருக்காவ, பட்டா கேட்டிருக்காவ, எத்தன பேரு இருக்கீய, எத்தன கக்கூஸு வச்சிருக்கீயன்னு கேட்டிருக்காவ. இதக் கேட்டதில்ல.

"பிள்ள பேரு என்னம்மா?"ன்னாரு.

"பொன்மாரி"ன்னா எங்கம்மா.

அவரும் ஒருதடவ சொல்லிப் பாத்தாரு. பொன்மாரி.

அதுக்கப்புறந்தான் எங்கம்மா உள்ள போயி, உக்காந்திருந்த தண்ணில சொம்ப முக்கி எடுத்து, அவருக்குத் தண்ணி குடுத்தா.